இரண்டு மீசையும் ஆயிரங்கால் மண்டபமும்

எங்கள் பக்கத்தில் கல்யாணம் நின்றுபோவதற்குக் காரணப் பஞ்சமே கிடையாது. பரிசச் சேலையின் கரையில் நூல் பிரிந்திருந்தது என்று நின்றிருக்கிறது. மாப்பிள்ளை வந்த வண்டியில் ஒரு மாடு வெள்ளை, ஒரு மாடு செவலை என்று நின்றிருக்கிறது. ஆனால் கல்தூண் எத்தனை என்பதில் நிற்கப் பார்த்த கல்யாணம் மதுரை ஜில்லாவிலேயே ஒன்றுதான். அது என்னுடையது.

முப்பத்தாறாம் வருஷம், தை மாதம். எனக்குப் பெரிய மாமா காசிமாயனின் மகள் ஒச்சாயியைப் பேசி முடித்திருந்தார்கள். எங்கள் எல்லோருக்கும் ஒரே ஊர், சமயநல்லூருக்கு மேற்கே இரண்டு மைல். என் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி காளை, எனக்குச் சின்ன மாமா. காசிமாயன் அவருக்குப் பெரியப்பன் மகன். பங்காளிகள். எனக்கு இரண்டு பேருமே மாமாதான். பெரிய மாமா பெண்ணைக் கொடுக்க வேண்டியவர். சின்ன மாமா தாய்மாமன் முறைக்கு என் தலையில் உருமா கட்டி, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிப்போக வேண்டியவர். இரண்டில் ஒருவர் வீட்டுக்குள் படுத்துக்கொண்டாலும் தாலி ஏறாது.

இரண்டு பேரும் மீசைக்காரர்கள். பெரிய மாமாவின் மீசை காதுவரை போய்ச் சேதி கேட்டுவிட்டுத் திரும்பி வரும். சின்ன மாமாவின் மீசையில் பக்கத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம் நிற்கும். நிறுத்திப் பார்த்திருக்கிறேன்.

முகூர்த்தத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, ஊர்ப் புளியமரத்தடியில் சுருளியிடம் முகம் வழிக்க இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். பேச்சு தெப்பத் திருவிழாவுக்குப் போய், அங்கிருந்து மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போய், கோயிலுக்குள் ஆயிரங்கால் மண்டபத்தில் வந்து நின்றுவிட்டது. ஆயிரம் தூணையும் ஒரே அளவில் நிறுத்தியிருக்கிறான் பாரு, அதுதான் வேலை என்று பெரிய மாமா சொன்னார். சின்ன மாமாவுக்கு அண்ணன் எதைச் சொன்னாலும் அதில் ஒன்றைக் குறைக்காவிட்டால் சோறு இறங்காது. ஆயிரம் இல்லை, தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது என்றார். புதுமண்டபத்தில் வளையல் விற்கிறவன் சொன்னானாம். கடைசித் தூண் வரும்போது சிற்பிக்குக் கை வலி வந்துவிட்டதாம்.

பேச்சு முற்றி, எழுந்து, பாதி வழித்த முகத்தோடு ஊர்ச் சாவடிக்கு வந்துவிட்டார்கள். ஆயிரம் இருந்தால் காளை மீசையை எடுப்பது. ஒன்று குறைந்தால் காசிமாயன் எடுப்பது. ஊர்ப் பஞ்சாயத்துப் பேசுகிற அம்பலம் விருமாண்டி வெற்றிலையை மடித்துக்கொண்டே பந்தயத்தை ஒப்புக்கொண்டார்.

வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். எங்கள் பக்கம் அப்பனோ ஆத்தாளோ செத்தால்தான் மீசையை எடுப்பது. மீசை எடுத்த மூஞ்சி என்றால் எழவு மூஞ்சி. அதோடு மணவறையில் நிற்க முடியாது. நின்றால், தாலியை எடுத்துக் கொடுக்கிற கிழவி ஒப்பாரிக்குத் தொண்டையைக் கனைத்துவிடுவாள். ஆக எந்த மாமா தோற்றாலும் அந்த மாமா மூன்று மாதத்துக்கு வீட்டை விட்டு வெளியே வர மாட்டார். மூன்று மாதம் கழித்து சித்திரை. அதுவரை பெண்ணை விட்டுவைக்க மாட்டார்கள். ஏற்கெனவே ஒச்சாயியின் அம்மா வழியில் இன்னொரு முறைமாப்பிள்ளை உசிலம்பட்டியிலிருந்து வந்துபோய்க்கொண்டிருந்தான். அவன் வீட்டில் நான்கு ஏர் மாடு.

இவ்வளவும் போதாதென்று, தூணை எண்ணுகிற வேலை என் தலையில் விழுந்தது. இரண்டு பேருக்கும் ஒரே முறை உள்ளவன் நான் ஒருவன்தான் என்று விருமாண்டி சொல்லிவிட்டார். அதற்குச் சின்ன மாமா ஒப்பவில்லை. என்னைக் காட்டி, இந்தக் கருத்தக்கண்ணன் வாயில் ஒன்பது வராது, தொண்ணூறுதான் வரும் என்றார். எனக்குப் புளுகன் என்று ஒரு பேர் இருந்தது, நியாயமே இல்லாத பேர். அதற்கு முந்தின வருஷம் ஒரு கேஸ் விஷயமாக நாயக்கர் மகாலுக்குப் போயிருந்தேன். அப்போது அங்கே கோர்ட்டு நடந்தது. பெரிய கூடத்தில் நின்று என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். எதிரொலி, “இந்தா வாரேன்” என்றது. நடந்ததை நடந்தபடி ஊரில் வந்து சொன்னேன். அதிலிருந்துதான் இந்தப் பேர்.

அதனால் என்னை அழகர் கோயிலுக்கு வண்டி கட்டிக் கூட்டிப்போனார்கள். பதினெட்டாம்படிக் கருப்பு வாசலில், அந்தப் பெரிய கதவுக்கு முன்னால், கற்பூரத்தை ஏற்றிக் கையால் அணைக்கச் சொன்னார்கள். எண்ணி முடிகிற வரைக்கும் என் நாக்கில் பொய் வராது என்று சத்தியம். எண்ணிக்கையில் மட்டும் பொய் சொல்ல மாட்டேன் என்று வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டுப் பார்த்தேன். விருமாண்டி கற்பூரத்தை இன்னும் கொஞ்சம் கிட்டே தள்ளினார்.

திரும்பி வந்த அன்று சாயங்காலம் கிணற்றடியில் ஒச்சாயி என்னை நிறுத்தினாள். ஆள் நடமாட்டம் இருந்ததால் குடத்தைப் பார்த்துப் பேசினாள்.

“ஏ மச்சான், ஆயிரம்னாலும் போச்சு, ஒண்ணு கொறைஞ்சாலும் போச்சு. நீ எண்ணி முடிக்காத.”

“சத்தியம் பண்ணியிருக்கேன் புள்ள.”

“பொய் சொல்ல மாட்டேன்னுதான பண்ணுன? முடிப்பேன்னா பண்ணுன?”

இப்படிப்பட்ட மூளையை உசிலம்பட்டிக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் காலையில் நானும் விருமாண்டியும் மதுரைக்குப் போனோம். மாமாக்கள் வரவில்லை. ஒருவர் வந்தால் மற்றவருக்குச் சந்தேகம், இருவரும் வந்தால் ஊருக்குச் சந்தேகம்.

அந்த மண்டபத்தை அதற்குமுன் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். எண்ணுவதற்கென்று போய் நின்றபோதுதான் கட்டினவனின் குறும்பு புரிந்தது. வாசலில் குதிரை ஏறிய வீரன் ஒருவன் கல்லில் நிற்கிறான். அவனைத் தாண்டி உள்ளே போனால் எந்தப் பக்கம் பார்த்தாலும் தூண்கள் வரிசை பிசகாமல் நிற்கும். ஒரு அடி நகர்ந்தால் அவையும் சத்தமில்லாமல் நகர்ந்து வேறு வரிசையில் நின்றுகொள்ளும். நேராகப் பார்த்தால் ஒரு வரிசை, கோணலாகப் பார்த்தாலும் ஒரு வரிசை. நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றினால் தலை கிறுகிறுத்துக் கூரையெல்லாம் யாளியாகத் தெரியும். விருமாண்டி ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு பக்கத்திலிருந்த யாளியின் காலைப் பிடித்துக்கொண்டு, இந்தச் சிற்பி இருந்தால் அவன்மேல் பிராது கொடுக்கலாம் என்றார்.

முதல் தடவை நூற்று நாற்பது வரை எண்ணினேன். அங்கே ஒரு தூணில் குறத்தி, இடுப்பில் கூடை, கழுத்தில் மணி. சிற்பி ஒவ்வொரு மணியையும் தனித்தனியாகக் கோத்திருந்தான். நான் மணியை எண்ணிவிட்டேன். மறுபடி முதலிலிருந்து.

இது சரிப்படாது என்று விருமாண்டி வெளியே போய் விபூதியும் குங்குமமும் பெரிய பொட்டலமாக வாங்கி வந்தார். எண்ணின தூணுக்கு விபூதி பூசி நடுவில் ஒரு குங்குமப் பொட்டு. பூசாத தூண் எண்ணாத தூண். அவர் பின்னாலேயே வந்து கயிற்றில் தூணுக்கு ஒரு முடிச்சுப் போட்டார். யோசனையில் குறையே இல்லை. நாங்கள் நின்றுகொண்டிருந்த இடம் மீனாட்சியம்மன் கோயில் என்பதை மட்டும் மறந்துவிட்டோம்.

இருநூற்றுப் பன்னிரண்டாவது தூணுக்குப் பொட்டு வைக்கும்போது பின்னால் ஒரு அம்மாள் நிற்பது தெரிந்தது. பேர் வாலாம்பாள் என்று பிறகு தெரிந்தது. ஆவணி மூல வீதியில் வீடு, தினம் காலையில் அம்மன் சன்னிதிக்கு வந்துவிட்டுப் போகிறவர். என் முகம் சிரத்தையாக இருந்திருக்க வேண்டும். பொய் சொல்லாமல் அது இரண்டாவது நாள். அப்படி இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், காதெல்லாம் அடைத்துக்கொள்ளும்.

“ஏம்ப்பா, இது என்ன வேண்டுதல்?” என்று கேட்டார்.

என் நாக்கு ஒரு நல்ல பதிலைத் தூக்கிக்கொண்டு பல் வரைக்கும் வந்துவிட்டது. கருப்பு நினைவுக்கு வந்தார். உள்ளதைச் சொன்னேன்.

“என் கல்யாணத்துக்கும்மா.”

“எத்தனை தூணுக்கு வைக்கணும்?”

“எல்லாத் தூணுக்கும்.”

“வெச்சா நடந்துடுமா?”

“முடிச்சாத்தாம்மா தெரியும்.”

மூன்றும் உண்மை. இதில் ஒன்றாவது பொய்யாக இருந்திருந்தால் அன்றைக்கு மதுரை நிம்மதியாக இருந்திருக்கும். அந்த அம்மாளுக்குப் பாலாம்பாள் என்று ஒரு பெண். ஏழு ஜாதகம் திரும்பி வந்திருந்ததாம். என்னைக் கேட்காமலே பொட்டலத்திலிருந்து ஒரு கை விபூதியை அள்ளிக்கொண்டு அடுத்த வரிசையில் ஆரம்பித்துவிட்டார். அவரைப் பார்த்து இன்னொரு அம்மாள். அவரைப் பார்த்து இரண்டு செட்டி வீட்டு ஆச்சிகள். அரைமணி நேரத்தில் கோயில் முழுக்கச் சேதி போய்விட்டது. பெண்ணைப் பெற்றவர்கள் கிழக்கு ஓரத்திலிருந்து வந்தார்கள், பையனைப் பெற்றவர்கள் மேற்கு ஓரத்திலிருந்து வந்தார்கள், கல்யாணம் ஆகி வருத்தப்பட்டவர்கள் சிலர் நடுவில் நின்று அழித்துக்கொண்டே வந்தார்கள்.

உச்சிவேளைக்குள் பொட்டில்லாத தூண் இல்லை. சிலதற்கு நான்கு பொட்டு. ஒரு யாளிக்கு எலுமிச்சை மாலை விழுந்தது. இன்னொன்றின் காலில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தார்கள். அந்தக் கோயிலில் காளிக்குக் கோபம் தணிய வெண்ணெய் உருண்டையை வாங்கி எறிவது வழக்கம். எறியப் போன பாதிப் பேர் வழியில் இங்கே திரும்பி, எதற்கும் இருக்கட்டும் என்று குதிரை வீரன்மேல் எறிந்துவிட்டுப் போனார்கள். பிரமச்சாரி ஒருவர் என் காலில் விழுந்து, எந்தத் தூணில் ஆரம்பிக்கணும் சாமி என்று கேட்டார். குறத்தியிலிருந்து ஆரம்பித்தால் தாமதமாகும் என்றேன். அதுவும் உண்மைதான்.

விருமாண்டி கயிற்றின் இருநூற்றுப் பன்னிரண்டு முடிச்சையும் பார்த்தார், மண்டபத்தைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். எனக்கோ மனசுக்குள் மேளம். எண்ண முடியவில்லை. முடியவில்லை என்று ஊரில் போய்ச் சொன்னால் அது பொய்யில்லை. மீசை இரண்டும் பத்திரம், கல்யாணம் பத்திரம். ஒச்சாயிக்கு மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு போகலாம் என்று மடியைத் தடவிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஹாலாஸ்யம் வாத்தியார் வந்தார். வாலாம்பாளின் வீட்டுக்காரர். பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பிட வந்து, அடுப்பு பற்றவைக்காமல் இருப்பதைப் பார்த்து, மனைவியைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறார். மனைவி எழுபத்து மூன்றாவது தூணில் இருந்தார். விஷயம் என்னவென்று விருமாண்டியிடம் கேட்டார். கேட்டுவிட்டு, பசியோடு இருந்தாலும், ஒரு யோசனை சொன்னார்.

“ஆயிரம் பேரை அழைச்சிண்டு வாங்கோ. ஆளுக்கு ஒரு தூணைக் கட்டிண்டு நிக்கட்டும். தூணை எண்ண வேண்டாம், தூண் கிடைக்காம நிக்கறவாளை எண்ணினாப் போறும்.”

விருமாண்டி வாத்தியாரைக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் அந்தப் பிரமச்சாரிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஊரில் போய்ச் சொன்னதும், பத்து வருஷத்தில் முதல் தடவையாக மாமாக்கள் இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: “கட்டுங்கடா வண்டிய.” தெப்பத் திருவிழாவுக்கு எப்படியும் போகிற சனம்தான். ஒருநாள் முன்னாலேயே கிளம்புவதென்று ஆயிற்று. பெரிய மாமா வழியில் டி. கல்லுப்பட்டி வரைக்கும் சொந்தம். சின்ன மாமா ஒரு ஆளும் தன் அண்ணனுக்குக் குறையக் கூடாது என்று, சொந்தமில்லாதவர்களையும் சோறு போட்டுக் கூட்டி வந்தார். சிம்மக்கல்லுக்குக் கீழே வைகை மணலில் வண்டிகளை அவிழ்த்துவிட்டோம். நூற்றுப் பதினேழு வண்டி. எனக்கு இன்னும் சத்தியம் அமலில் இருந்ததால் இந்தக் கணக்கை நம்பலாம்.

கோயில் ஆட்கள் முந்தின நாளே பொட்டையெல்லாம் கழுவிவிட்டிருந்தார்கள். கல் பளபளவென்று, மாப்பிள்ளை மாதிரி நின்றது. மண்டபத்து வாசலில் வாத்தியார் பலகையும் பலப்பமுமாக நின்று ஆயிரம் பேரை வரிசையாக உள்ளே விட்டார். ஆயிரத்து ஓராவது ஆளாக வந்த உசிலம்பட்டி முறைமாப்பிள்ளையைத் தடுத்து நிறுத்திவிட்டார். அன்று முதல் எனக்கு அவர்மேல் தனி மரியாதை.

உள்ளே போனதும்தான் சங்கடம். தூண் என்றால் வெறும் கல் இல்லையே. அழகான பெண் உருவம் செதுக்கின தூணை எந்த ஆம்பளையும் கட்டிக்கொள்ள முன்வரவில்லை, பெண்டாட்டிமார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குறத்தித் தூணை எண்பது வயதுக் கண்ணுச்சாமித் தாத்தா போய்ப் பிடித்துக்கொண்டார். ஊருக்காக இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி என்றார். பல்லைக் காட்டுகிற யாளித் தூணுக்குப் பக்கத்தில் போக எல்லோருக்கும் பயம், மாயக்காளைத் தவிர. மாயக்காள் என் பெரிய மாமன் பெண்டாட்டி, எனக்கு வரப்போகிற மாமியார். அந்த யாளி அன்றைக்குத்தான் கொஞ்சம் பின்வாங்கி நின்றது. முத்திருளன் என்று ஒரு ஆள், வேறொரு யாளியின் வாய்க்குள் உருளுகிற கல்லுருண்டையை எடுத்துப் பார்க்க ஆசைப்பட்டுக் கையை விட்டான். கை உள்ளே போனது, வெளியே வரவில்லை. காளிக்கு எறிய வைத்திருந்த வெண்ணெயை நான்கு உருண்டை வாங்கித் தடவினோம். அப்போதும் வரவில்லை. எப்படியும் அது அவனுடைய தூண்தானே, இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

கோயில் நிர்வாகம் பார்க்கிற பேஷ்கார் வந்து பார்த்தார். ஆயிரம் பேர் கன்னத்தைக் கல்லில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு தூணைக் கட்டிப்பிடித்து நிற்கிறார்கள். அவர் என்னிடம் கேட்டிருந்தால் எல்லாம் கெட்டிருக்கும். நல்லவேளையாக விருமாண்டி முந்திக்கொண்டு, “கும்புடுறோம் சாமி” என்றார். கோயிலுக்குள் கும்பிடக் கூடாது என்று எந்தப் பேஷ்கார் சொல்ல முடியும். அவரும் பக்கத்துத் தூணை ஒரு தடவை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விட்டார்.

நான் வரிசை வரிசையாகப் போய்ப் பார்த்தேன். ஆள் இல்லாத தூண் ஒன்றுமில்லை. புதிதாகக் கல்யாணமான ஒரு சோடி ஒரே தூணை இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டு விரலைக் கோத்து நின்றது. புருஷனைப் பிரித்து வெளியே அனுப்பினேன். அவன் மிச்ச ஆட்களோடு போய்ச் சேர்ந்தான். மிச்சத்தில் ஒச்சாயியும் நின்றாள். அவளுக்குத் தூண் கிடைத்திருந்தது. அதை ஒரு நொண்டிக் கிழவிக்கு விட்டுக்கொடுத்திருந்தாள்.

மிச்சம் நின்றவர்களை எண்ணினேன். என் வாழ்க்கையில் நான் இவ்வளவு மெதுவாக எதையும் எண்ணியதில்லை. வாத்தியார் எண்ணினார். விருமாண்டி எண்ணினார். பதினைந்து.

மண்டபத்துக் கூரையில் வௌவால் பறக்கிற சத்தம் கேட்டது.

“அப்ப தூணு தொள்ளாயிரத்து எம்பத்தஞ்சா?” என்றார் பெரிய மாமா. அவர் குரலில் இருந்த மிடுக்கில் பதினைந்து குறைந்திருந்தது.

வாத்தியார் தலையை ஆட்டினார். அவ்வளவுதான் என்று சின்ன வயதிலிருந்தே தெரியும் என்றும், மிச்சப் பதினைந்து தூண் நிற்க வேண்டிய இடத்தில் சன்னிதி வந்துவிட்டதாகப் பெரியவர்கள் சொல்வார்கள் என்றும் சொன்னார். எல்லோரும் தூணை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்கள். முத்திருளன் மட்டும் விட முடியாமல் பார்த்தான்.

“முந்தா நாளே சொல்லியிருக்கலாமே, வாத்தியாரய்யா,” என்றேன்.

“எண்ணறதுக்கு வழிதானே கேட்டேள். எத்தனைன்னு யாருமே கேக்கலையே.”

பிறகு ஆரம்பித்தது. குறையும் என்றேன், குறைந்துவிட்டது, எடுடா மீசையை என்று சின்ன மாமா துண்டை உதறினார். நீ சொன்னது ஒன்று, குறைந்தது பதினைந்து, நீ எடு என்று பெரிய மாமா. இந்தப் பக்கம் ஐந்நூறு பேர், அந்தப் பக்கம் ஐந்நூறு பேர், நடுவில் கல் யாளிகள் மட்டும்தான் கட்சி சேரவில்லை. மண்டபத்துக்குள் சண்டை வேண்டாம் என்று எல்லோரையும் வைகை மணலுக்குக் கூட்டிப்போய் விருமாண்டி தீர்ப்புச் சொன்னார். இரண்டு பேர் சொன்ன எண்ணும் தப்பு. இரண்டு பேரும் தோற்றார்கள். இரண்டு மீசையும் எடுக்க வேண்டும்.

சுருளி கூட்டத்தில்தான் இருந்தான். பெட்டியோடு முன்னால் வந்தான். ஒரு மாமா போவார் என்று பயந்திருந்தேன், இப்போது இரண்டு பேரும் போகிறார்கள். மணலில் தூரத்தில் உசிலம்பட்டிக்காரன் தன் மாட்டுக்குச் சலங்கை கட்டிக்கொண்டிருந்தான்.

சுருளி பெரிய மாமாவின் மீசைக்குத் தண்ணீர் தொட்டபோது, ஒச்சாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். சபையில் பெண்பிள்ளை பேசுவது அந்தக் காலத்தில் வழக்கமில்லை. அவள் விருமாண்டியைப் பார்த்துப் பேசினாள்.

“தாத்தா, ரெண்டு பேரும் தோத்தாச்சு. செயிச்சது யாரு?”

“யாரும் செயிக்கலத்தா.”

“செயிச்சவன் இல்லாத தோல்வி முழுத் தோல்வியா? பாதிதான. ஆளுக்குப் பாதி எடுங்க.”

கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

“முழுசா எடுத்தா எழவு. பாதி எடுத்தா எழவு கெடையாது. எந்த அப்பனும் பாதி சாகுறதில்ல. எங்கய்யாவுக்கு எடது பக்கம் எடுங்க, சித்தப்பாவுக்கு வலது பக்கம் எடுங்க. பக்கத்துல பக்கத்துல நின்னாங்கன்னா நடுவுல எடவெளி விட்டு ஒரு மீசை. என் கல்யாணத்துக்கு ஒரு மீசை போதும்.”

விருமாண்டி வெகுநேரம் வெற்றிலையை மென்றார். எழவு கிடையாது என்பதை நான்கு பெரியவர்களிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். ஆகட்டும் என்றார். சுருளி தன் தொழிலில் அதுவரை செய்யாத வேலை என்று சொல்லி, மணலில் குச்சியால் கோடு போட்டுப் பார்த்துவிட்டுக் கத்தியை எடுத்தான்.

எண்ணி முடிந்ததால் என் சத்தியமும் அன்றோடு முடிந்தது. மணலிலேயே நின்று, அந்தப் பதினைந்து தூணும் பகலில் ஊர்சுற்றப் போயிருக்கிறது, நானே வழியில் பார்த்தேன் என்று இரண்டு பேரிடம் சொன்னேன். காது படக்கென்று திறந்துகொண்டது. முத்திருளன் மறுநாள் தெப்பம் பார்க்க வந்து சேர்ந்தான், கை வழுவழுவென்று. பாலாம்பாளுக்கு அதே மாதம் திருச்சியில் வரன் அமைந்தது. அதற்கு நான் பொறுப்பில்லை.

அன்று முதல் மாமாக்கள் தனியாக வெளியே வர முடியவில்லை. தனியாக வந்தால் பாதி மூஞ்சி. சேர்ந்து வந்தால் கம்பீரம். வயலுக்குச் சேர்ந்து போனார்கள், சந்தைக்குச் சேர்ந்து போனார்கள். பெரிய மாமா வலப்பக்கம், சின்ன மாமா இடப்பக்கம். ஒருநாள் அவசரத்தில் இடம் மாறி நின்றுவிட்டார்கள். இரண்டு பாதியும் நடுவில் முட்டிக்கொண்டு இரண்டு நண்டு சண்டை போடுவது மாதிரி இருந்ததாம். சின்ன மாமாவின் பசு அதைப் பார்த்துப் பால் சுரக்கவில்லை. பங்காளிச் சண்டை என்று ஒன்று இருந்ததே மறந்துபோயிற்று. சண்டை போட வேண்டுமானால் எதிரெதிரே நிற்க வேண்டும், அதற்கு வழியில்லை.

முகூர்த்தத்தன்று பெண் வீட்டுக்குள் மணவறை. என் தலையில் உருமாவை இரண்டு மாமாக்களும் இரண்டு முனையைப் பிடித்துச் சேர்ந்தே கட்டினார்கள். இருவருமாக என் கைகளைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். வாசல் ஒற்றை ஆள் வாசல். பெரிய மாமா முன்னால் போக மாட்டேன் என்றார், உள்ளே இருக்கிற பொம்பளைகள் பாதியைப் பார்த்துவிடுவார்கள். சின்ன மாமாவும் மாட்டேன் என்றார். இருவரும் சேர்ந்து நுழைந்து பார்த்தார்கள். தோள் நிலையில் மாட்டியது, நான் நடுவில் மாட்டினேன். நாதஸ்வரக்காரர் ஒரே ராகத்தை நான்காவது தடவையாக ஆரம்பித்தார். முகூர்த்தம் முடிய அரை நாழிகைக்கும் குறைவு. உள்ளே கூறைச் சேலையில் ஒச்சாயி உட்கார்ந்த இடத்திலிருந்து எங்களைப் பார்த்தாள்.

“கடப்பாரைய எடுங்க,” என்றாள்.

மண்சுவர்தான். நான்கு பேர் நான்கு போடு போட்டார்கள். நிலைக்கதவு அப்படியே முன்பக்கம் சாய்ந்தது. புழுதி அடங்குவதற்கு முன்னால் மூன்று பேரும் தோளோடு தோள் உரசிக்கொண்டு உள்ளே போய்விட்டோம். தாலியை நேரத்துக்குக் கட்டினேன். கூட்டத்துக்குப் புழுதியில் மீசை முழுதா பாதியா என்றே தெரியவில்லை.

மாமாக்களின் மீசை வைகாசிக்குள் வளர்ந்துவிட்டது. வாசலை மட்டும் யாரும் திரும்பக் கட்டவில்லை. அந்த வீடு பிறகு எங்களுக்கே வந்தது. சாயங்காலம் மேய்ச்சலுக்குப் போன எருமைகள் இரண்டு இரண்டாகச் சேர்ந்து, யாரையும் கேட்காமல், நேராகக் கூடத்துக்குள் வந்து படுத்துக்கொள்கின்றன. ஒச்சாயி அதற்கும் என்னைத்தான் வைகிறாள்.